மார்பகப் புற்றுநோய்க்குப் பின் எடைக் குறைப்பு

புற்றுநோய் வந்தால் உடல் மெலிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் பலருக்கு நடப்பது நேர்மாறு. கீமோதெரபி, ஸ்டீராய்டு, களைப்பு, சீக்கிரமே வந்துவிடும் மாதவிடாய் நிறுத்தம் எல்லாம் சேர்ந்து எடையை ஏற்றிவிடுகின்றன. தசை கரைந்து கொழுப்பு சேர்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் உருவாவது இந்தக் கொழுப்பில்தான். பல மார்பகக் கட்டிகளுக்குத் தீனியும் அதே ஈஸ்ட்ரோஜன்தான்!

அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2006ல் வெளியான ஆய்வில் 2,437 பெண்கள். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது சற்றுக் குறைந்தது. அவர்களுடைய எடையும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 கிலோ குறைவு. 2007ல் வெளியானதில் 3,088 பெண்கள். காய்கறியும் பழமும் ஏராளமாகச் சாப்பிட்டும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. அவர்களுக்கு எடையும் குறையவில்லை. எடைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

அதற்காகப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலும்பு வேறு பலவீனமாகிறது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும். குறைக்க வேண்டியது சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், தட்டில் விழும் சோற்றின் அளவு. பருப்பு, முட்டை, மீன், தயிரில் கை வைக்கக்கூடாது. தினமும் நடக்க வேண்டும். கீமோ நடக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் எந்த டயட்டும் வேண்டாம்.

எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.