வெள்ளை மை

முப்பது வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கதையில் பிரசவ வேதனையைப் பற்றி ஒரு பாரா இருந்தது. பத்திரிகை ஆசிரியர் நல்ல மனுஷர்தான். "குடும்பப் பத்திரிகை அம்மா, எல்லோரும் படிப்பார்கள்" என்று அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். கதையைப் பலரும் பாராட்டினார்கள். இத்தனை காலம் கழித்து அந்தப் பாராவை எனக்கு ஞாபகப்படுத்தியவர் ஒரு பிரெஞ்சு எழுத்தாளர்.

எலேன் சிக்சூ என்று பெயர். 1937-ல் அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் டாக்டர். பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும்போதே காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. பிறகு தாயார் மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில்கூடப் பிரசவப் பேச்சு அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் ஜேம்ஸ் ஜாய்ஸைப் பற்றிப் பிரம்மாண்டமான ஆராய்ச்சி நூல் ஒன்றை 1968-ல் வெளியிட்டார். அதே வருஷம் பாரிஸில் மாணவர் கிளர்ச்சி. அதன் பலனாக வேன்சேன் என்ற இடத்தில் புதுமாதிரிப் பல்கலைக்கழகம் ஒன்று எழும்பியது. அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1969-ல் தகப்பனார் சாவைச் சுற்றி எழுதிய நாவலுக்கு மெடிசி பரிசு கிடைத்தது. 1974-ல் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே அங்கே ஒரு மையம் தொடங்கினார். கதை எது, ஆராய்ச்சி எது என்று பிரிக்க முடியாத நடை அவருடையது. ஒரு பக்கத்தை நான் மூன்று தரம் படித்ததும் உண்டு. சொல்ல வெட்கமில்லை.

ஆனால் 1975-ல் எழுதிய 'மெடுஸாவின் சிரிப்பு' என்னைத் தூங்கவிடவில்லை. கிரேக்கப் புராணத்தில் மெடுஸாவின் தலைமயிரெல்லாம் பாம்பு, பார்த்தவன் கல்லாகிவிடுவான். (நம் ஊரில் கல்லானவள் அகலிகை!) பெண் தன் உடம்பைக் கூசாமல் எழுத வேண்டும், தாய்ப்பாலே அவளுக்கு மை என்பது சிக்சூவின் கட்சி. உடம்பு உடம்பு என்று சொல்லிப் பழையபடி பெண்ணைக் கட்டிப்போடுகிறாரே என்று பெண்ணியவாதிகளே கண்டித்தார்கள். அதில் எனக்கும் பாதிச் சம்மதம். ஆனால் அப்படி எழுதியவர்களென்று அவர் சொல்லும் பிரெஞ்சுப் பெயர்களில் கொலெத், துராஸ் இருவரோடு ழெனே என்ற ஆண்பிள்ளையும் இருக்கிறார். ஆகவே அவ்வளவு சுலபமாக அவரைத் தள்ளிவிட முடியவில்லை.

பல்கலைக்கழக நாற்காலியில் இருப்பவருக்குத் துணிச்சல் எளிது என்று முதலில் முணுமுணுத்தேன். அது நியாயமில்லை. எனக்கு யார் கத்தியைக் காட்டினார்கள்? நானே அல்லவா அடித்தேன்?

கதைத் தொகுதி மறுபதிப்புக்குப் போகிறது. பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பாரா இருக்கிறது, நடுவில் இரண்டு வரி செல்லரித்துவிட்டது. யோசித்துப் பார்க்கிறேன், வலி மறந்துவிட்டது. போன மாதம் பிள்ளை பெற்று வந்திருக்கும் மகளிடம், "எப்படியடி இருந்தது?" என்று கேட்டேன்.

"சொல்றேன்மா. முதல்ல இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றாள்.