திருப்பதிக்குப் பை கட்டியாச்சு, கண்ணுக்குப் போடுற சொட்டு மருந்து எடுத்தாச்சா?

த்ரெட் கொஞ்சம் நீளம். வீட்ல 40 வயசு தாண்டினவங்க இருந்தா, அதுவும் ஊருக்குக் கிளம்பப் போறாங்கன்னா, முழுசா படிச்சிடுங்க.

நான் பட்டாபிராம்ல கண் டாக்டர். நம்ம பக்கத்து ஜனங்களுக்கு ஊர் போறதுன்னா காரணமே வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, புரட்டாசியில திருப்பதி, ஆவடி ஃபேக்டரியில ரிட்டயர் ஆனவங்க செட்டு சேர்ந்து காசி. போய்ட்டு வந்த பிறகு செக்கப்புக்கு வருவாங்க. 16ல இருந்த கண் அழுத்தம் 26ல நிக்கும்.

"சொட்டு மருந்து போட்டீங்களாம்மா?"

"எங்க மேடம், அது ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. நீங்கதானே வெளிய வைக்கக் கூடாதுன்னீங்க?"

இந்தப் பதிலை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குளுக்கோமாவுக்கு ராத்திரி ஒரு சொட்டு போடுற மருந்துல நிறைய பேருக்குக் கொடுக்கிறது லட்டனோப்ரோஸ்ட். பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில வைக்கணும், அதாவது ஃப்ரிட்ஜ்ல. பிரிச்ச பிறகு 25 டிகிரி வரைக்கும் வெளியிலயே 6 வாரம் வைக்கலாம். "25 டிகிரியா? நம்ம ஊர்ல மே மாசம் நடுராத்திரியில கூட அது கிடையாதே"ன்னு நீங்க சிரிக்கிறது கேட்குது. இதே மருந்தை முதன்முதலில் கொண்டுவந்த கம்பெனியோட குறிப்புலயே, பேஷன்ட் கைக்கு வந்து சேரும் வழியில 40 டிகிரி வரை 8 நாளுக்கு மிகாம இருக்கலாம்னு போட்டிருக்கு. அதனால மூணு நாள் திருப்பதி பயணத்துல, கைப்பைக்குள்ள, துணிக்கு நடுவுல வச்சா மருந்து ஒண்ணும் வீணாகிடாது. கார் டேஷ்போர்டுல வெயில்ல வைக்காதீங்க. ஐஸ் கட்டியோட ஒட்டியும் வைக்காதீங்க, உறையக் கூடாது. ஃப்ரிட்ஜே தேவைப்படாத பிராண்டுகளும் இருக்கு, அட்டைப்பெட்டியில எழுதியிருக்கும். வீட்ல விட்டுட்டுப் போறதுதான் மருந்தை வீணாக்குறது.

ரெண்டு நாள் போடலன்னா என்ன ஆகப் போகுதுன்னு தோணும். வலிக்காது, பார்வையும் மங்காது. அந்த நோயோட குணமே அதுதான். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். முதல்ல ஓரப் பார்வைதான் போகும், நடுப் பார்வை நல்லா இருக்கிறதால பேப்பர் படிப்பீங்க, சீரியல் பார்ப்பீங்க. கேடராக்ட்னா ஆபரேஷன் பண்ணிப் பார்வையைத் திருப்பித் தரலாம். குளுக்கோமாவுல போனது போனதுதான்.

இது எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை. 2000க்குப் பிறகு சங்கர நேத்ராலயாகாரங்க சென்னை குளுக்கோமா ஆய்வுன்னு ஒண்ணு செஞ்சாங்க. கிராமப் பகுதிக்கு அவங்க எடுத்தது நம்ம திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களை. 40 வயசு தாண்டினவங்கள்ல, 'ஓப்பன் ஆங்கிள்'னு சொல்ற வகை மட்டும் கிராமத்துல 100க்கு ஒண்ணரைப் பேருக்கு மேல, நகரத்துல மூணரைப் பேர். அதைவிட முக்கியம், நோய் இருந்தவங்கள்ல 10க்கு 9 பேருக்கு மேல அது இருக்கிறதே தெரியல.

எங்க அம்மாவுக்கும் குளுக்கோமா. பெத்தவங்களுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ இருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு பல மடங்கு. அதனால வருஷம் ஒரு தடவை நானும் இன்னொரு டாக்டர் முன்னாடி தாடையை வச்சு உட்காருறேன். அம்மா ஊருக்குக் கிளம்பும்போது நான் பார்க்கிற முதல் விஷயம் மருந்து. புது பாட்டில் ஒண்ணு கூடவே போகும். திருமலை கியூவுல ஒரு பாட்டில் தொலைஞ்சா, நடுராத்திரி எங்க போய்த் தேடுறது?

சரி, இப்போ பெரிய ஆபத்துக்கு வருவோம். நம்ம மருந்தை மறக்கிறதைவிட மோசம், வழியில கிடைக்கிற மருந்தைப் போடுறது.

புழுதி, தூக்கமின்மை, ஏசி காத்து. கண்ணு சிவக்கும். உடனே "மெட்ராஸ் ஐ"ன்னு முடிவு பண்ணி, பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல "கண் சிவப்புக்கு ஒரு டிராப்ஸ்" கேட்பீங்க. கிடைக்கிறது ஸ்டீராய்டு கலந்ததா இருக்கலாம். பெயருக்குக் கீழ பொடி எழுத்துல டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அதுதான். சீட்டு இல்லாம தரவே கூடாத மருந்து. போட்டதும் சிவப்பு மாயமா மறையும், அதுதான் சிக்கலே. ஊர் திரும்பியும் "நல்லா கேட்குது"ன்னு வாரக்கணக்குல ஓடும். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏத்தும். எல்லாருக்கும் ஏத்தாது. ஆனா குளுக்கோமா இருக்கிறவங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் ஏறுற வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்கு அப்புறம் நாங்களே ஸ்டீராய்டு எழுதுவோம், அது அளவோட, அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து. அது வேற.

அடுத்து கடன் மருந்து. "எனக்கும் கண் பிரஷர்தான், இந்தாங்க என்னுதைப் போடுங்க"ன்னு பக்கத்து சீட்டு அண்ணன் அன்பா நீட்டுவார். அதுல டிமோலால் இருந்து, உங்களுக்கு ஆஸ்துமா இருந்தா, ஒரு சொட்டுலயே இளைப்பு வரலாம். இதயத் துடிப்பையும் குறைக்கும். கண்ல போட்டது மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலக்குதுங்க. இன்னொண்ணு பிரிமோனிடின். பெரியவங்களுக்கே சிலருக்குத் தூக்கம் வரும், போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க. கைக்குழந்தைக்கு மூச்சையே தடுக்கலாம். தாத்தா பையைப் பேரன் குடையிற வீடுகள் கவனிக்கணும்.

ஓடுற பஸ்ல அண்ணாந்து மருந்து போடாதீங்க, முனை கண்ணைக் குத்தும். வண்டி நின்னதும் கையைக் கழுவிட்டு, கீழிமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு. ரெண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கிற மூலையை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திக்கோங்க. ரெண்டு மருந்துன்னா நடுவுல 5 நிமிஷம்.

இப்போ சொல்லப் போறதை மட்டுமாவது வீட்டு வாட்ஸப் குரூப்புல போடுங்க.

சிலருக்குக் கண்ணுக்குள்ள தண்ணி வடியிற மூலை பிறவியிலேயே குறுகலா இருக்கும். ஐம்பது தாண்டின பெண்கள், தூரப் பார்வைக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுறவங்க, இவங்கள்ல அதிகம். மலைப்பாதைக்கு பயந்து வாந்தி மாத்திரை போடுவாங்க. அவோமின்ல இருக்கிற ப்ரோமெதசின், சளி மாத்திரையில இருக்கிற குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின், இதெல்லாம் கண்மணியை விரிக்கக் கூடியவை. ராத்திரி பஸ்ல விளக்கை அணைச்சா கண்மணி இன்னும் விரியும். குறுகலான மூலை முழுசா அடைச்சுக்கலாம். அழுத்தம் சில மணி நேரத்துல 50, 60னு எகிறும்.

ஒரு கண்ல தாங்க முடியாத வலி, சிவப்பு, அந்தப் பக்கத் தலைவலி, பார்வை மங்கல், விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம். கூடவே வாந்தி. பஸ்ல வாந்தின்னா நாம என்ன நினைப்போம்? "பித்தம், மலைச்சுத்தல், எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு." என்கிட்ட வந்த ஒரு அம்மா அப்படித்தான் புத்தூர்ல ஆரம்பிச்ச வலியோட தரிசனமும் முடிச்சு, மறுநாள் சாயங்காலம் வந்தாங்க. அழுத்தத்தை இறக்கி, லேசர் போட்டோம். வலி போச்சு. அந்தக் கண்ணோட பார்வை முழுசா திரும்பல. இன்னொரு கண்ணுக்கும் மூலை குறுகல்தான், அதுக்கு முன்கூட்டியே லேசர் போட்டுட்டதால அது பத்திரமா இருக்கு.

அதுக்காக குளுக்கோமா உள்ள எல்லாரும் வாந்தி மாத்திரைக்கு பயப்பட வேண்டாம். மூலை திறந்திருக்கிறவங்களுக்கும் லேசர் போட்டவங்களுக்கும் பெரும்பாலும் பிரச்னை இல்லை. நீங்க எந்த வகைன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.

பிளைட்? குளுக்கோமாவுக்கு பிளைட்டால பெரும்பாலும் கெடுதல் இல்லை. மருந்து செக்-இன் பெட்டியில போகாம கைப்பையில இருக்கட்டும், அவ்வளவுதான். ஆனா விழித்திரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் வச்சிருந்தா பிளைட்டும் கூடாது, மலையும் கூடாது. உயரம் போகப் போக அந்தக் குமிழி விரிஞ்சு அழுத்தத்தை ஏத்தும். டாக்டர் "கரைஞ்சிடுச்சு"ன்னு சொன்ன பிறகுதான் திருமலை, ஊட்டி எல்லாம்.

இன்னைக்கே உங்க பாட்டிலையும் சீட்டையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க. "நீல மூடி மருந்து"ன்னு சொன்னா திருப்பதி மெடிக்கல்காரருக்கு ஒண்ணும் புரியாது. அதே மூடியில பத்து மருந்து இருக்கு. பிராண்டு பேர் வேற ஊர்ல கிடைக்காது, உள்ளே இருக்கிற மருந்துப் பேர் எங்கேயும் கிடைக்கும்.

மேல சொன்ன வலி வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ரயில்ல இருந்தா 139க்கு போன் போடுங்க. ரோட்ல இருந்தா 108. நம்ம ஊர் திரும்பிட்டீங்கன்னா எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1819ல தொடங்கினது, காசு கவலை இல்லாம போகலாம்.

கேள்விகளைக் கீழ போடுங்க, ராத்திரி ஓபி முடிச்சிட்டு பதில் சொல்றேன். மருந்து பேரைப் போட்டு "இதை நிறுத்தலாமா"ன்னு மட்டும் கேட்காதீங்க, கண்ணைப் பார்க்காம அதுக்கு என்கிட்ட பதில் கிடையாது.