குரல் இல்லாத ஹெர்குலிஸ்

ஸ்டீவ் ரீவ்ஸின் தோள்களைப் பல நாட்டுத் திரையரங்குகள் அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அவருடைய குரலை அப்போதும் மிகச் சிலரே அறிந்திருந்தனர்.

1926-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்த ரீவ்ஸ், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாயுடன் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தவர். 1947-இல் ‘மிஸ்டர் அமெரிக்கா’, 1950-இல் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’. ஹாலிவுட் அவரை எளிதில் ஏற்கவில்லை. சிசில் பி. டிமில் தம் ‘சாம்சன் அண்ட் டிலைலா’ படத்துக்கு அவரைப் பரிசீலித்தபோது எடையைக் குறைக்கச் சொன்னாராம். இதை ரீவ்ஸே பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். வேடம் விக்டர் மெச்சூருக்குப் போயிற்று. பலசாலி சாம்சனாக நடிப்பதற்கு ஒருவருடைய உடல் மிகையாகிவிட்டது என்பதை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

திருப்பம் இத்தாலியிலிருந்து வந்தது. பியத்ரோ பிரான்சிஸ்சி இயக்கிய ஹெர்குலிஸ் படம் 1958-இல் அங்கே வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. ஜோசப் லெவின் என்ற விநியோகஸ்தர் ஏறத்தாழ 1,20,000 டாலருக்கு அமெரிக்க உரிமையை வாங்கி, விளம்பரத்துக்கு மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து 1959-இல் வெளியிட்டார். அதன்பின் சில ஆண்டுகளுக்கு இத்தாலியப் படப்பிடிப்புத் தளங்களில் வாளும் கவசமும் தட்டுப்பாடாகியிருக்க வேண்டும்.

இவ்வகைப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் ‘பெப்ளம்’ என்று பெயரிட்டனர். ‘பெப்லோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது அது. பெப்லோஸ் என்பது பண்டைக் கிரேக்கப் பெண்கள் அணிந்த ஆடை. தசைநார் புடைக்கத் தூண்களைச் சாய்க்கும் ஆண்களின் படவகை, ஒரு பெண்ணுடையின் பெயரால் வரலாற்றில் நிலைத்துவிட்டது. சொற்பொருள் மாற்றம் குறித்த வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை அகப்படவில்லை.

பெயர்களின் கதையும் இப்படித்தான். 1914-இல் வந்த ‘கபிரியா’ என்ற மௌனப்படத்தில் பிறந்த மாசிஸ்தே என்னும் பலசாலி, இத்தாலியர்களுக்கு நன்கு அறிமுகமானவன், அமெரிக்கர்களுக்கு அந்நியன். எனவே கடல் கடந்தபோது அவன் சில படங்களில் சாம்சன் ஆனான், சிலவற்றில் ஹெர்குலிஸ் ஆனான். ரீவ்ஸ் நடித்த ஒரு படத்தில் நாயகன் பெயர் எமிலியானோ. அமெரிக்காவில் அவன் கோலியாத். விவிலியக் கோலியாத்துக்கும் அக்கதைக்கும் எத்தொடர்பும் இல்லை. பெரிய உடல் என்றால் கோலியாத், அவ்வளவே.

பெயரையே மாற்றியவர்கள் குரலை விட்டுவைப்பார்களா? அக்கால இத்தாலியப் படப்பிடிப்பில் ஒவ்வொரு நடிகரும் தத்தம் மொழியில் பேசுவார். ஒலி முழுவதும் பின்னர்ச் சேர்க்கப்படும். இத்தாலியப் பதிப்பில் ரீவ்ஸுக்கு ஓர் இத்தாலியர் குரல் கொடுத்தார் என்பது இயல்பு. ஆங்கிலப் பதிப்பிலும், தம் தாய்மொழியிலேயே, அவருக்கு வேறொருவர் பேசினார். அவருடைய சொந்தக் குரல் கேட்கும் படங்கள் மிகச் சில. 1954-இல் எட் வுட் எடுத்த ‘ஜெயில் பெய்ட்’ அவற்றுள் ஒன்று. அதில் அவர் ஓர் இளம் காவல் அதிகாரி. குரலில் குறையொன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போல் இருக்கிறது. ஒருவேளை அதுதான் சிக்கலோ என்னவோ.

அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகருக்கும் முதல் படமான ‘ஹெர்குலிஸ் இன் நியூயார்க்’கில் (1970) இதுவே நேர்ந்தது, அவருடைய உச்சரிப்புக்கு அஞ்சி வேறு குரல் ஒட்டினார்கள். பின்னாளில் அதே உச்சரிப்பு அவருடைய முத்திரை ஆயிற்று. ரீவ்ஸுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

என் ஆய்வு குரல்மாற்றத்தில் உதட்டசைவுப் பொருத்தம் பற்றியது. ப, ம இரண்டும் உதடுகள் இயைந்து பிறப்பவை என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துவிட்டார். பின்னணிக் குரலுக்கு உரையாடல் எழுதுபவர்களின் தலைவலியும் அதுவே: திரையில் உதடு மூடும் இடத்தில் இவ்விரண்டில் ஒன்று விழுந்தாக வேண்டும். காதுக்கு வேறான இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்று.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. என் அப்பா ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். அணிவகுப்பில் ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் கடைக்கோடி வரை கேட்ட குரல். புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை அகற்றி இரண்டாண்டுகள் ஆகின்றன. காணொளி அழைப்பில் அவர் உதடுகளை அசைப்பார். நான் இங்கிருந்து வாசிப்பேன். “படிச்சியா?” என்கிறாரா, “மடிச்சியா?” என்கிறாரா என்பது கொடியில் துணி கிடக்கும் நாள்களில் தெளிவாவதில்லை. வங்கிக்கும் எரிவாயு முகமைக்கும் தொலைபேசியில் அவராக நான் பேசுகிறேன். ஆக, ஆய்வுப் பொருளாக இருந்த தொழிலை ஊதியமின்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஒருமுறை பேசினார். எந்திரத்தனமான அந்த ஒற்றைச் சுருதியைக் கேட்டுவிட்டு, “இது யாரோ” என்று தாளில் எழுதிக் காட்டினார். கருவி அலமாரிக்குள் போயிற்று. அவர் அதைப் பழக வேண்டும் என்பதே என் விருப்பம். இரவில் நெஞ்சு வலித்தால் யாரை எப்படி அழைப்பார்? ஆனால் எந்தக் குரலும் எந்த உடலுக்கும் பொருந்தும் என்று ஆய்வேட்டில் எழுதும் துணிவோடு அவரிடம் வாதிட என்னால் முடியவில்லை. அந்த இயல் பாதியில் நிற்கிறது.

ரீவ்ஸ் ‘மரம்போல் நிற்பவர்’ என்பது விமர்சகர்களின் வழக்கமான தீர்ப்பு. நான் உடன்படவில்லை. பேச்சு அவருடையதன்று என்றான பிறகு மிஞ்சியது நடை, அதை அவர் பிறரிடம் விடவில்லை. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இது விளங்கும். 1959-இல் பொம்பெயி படப்பிடிப்பில் தேர் மரத்தில் மோதித் தோள்பட்டை சிதைந்த பின்னும் பல ஆண்டுகள் நடித்தார். 1968-இல் ஒரு வெஸ்டர்ன் படத்தோடு விலகி, கலிபோர்னியாவில் மார்கன் இனக் குதிரைகள் வளர்த்தார். பின்னர் வேகநடைப் பயிற்சி பற்றி ஒரு நூலும் எழுதினார். 2000-இல் மறைந்தார்.

சென்ற வாரம் அப்பாவுக்கு ஹெர்குலிஸ் படத்தின் இத்தாலியப் பதிப்பை அனுப்பினேன். எங்கள் இருவருக்கும் அம்மொழி தெரியாது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் பதில் வந்திருந்தது: “தோள் நிமுந்து இருக்குது கண்ணு. கை வீச்சுதான் கொஞ்சம் சாஸ்தி.”