அநாதை வலை

கலைப்பீட மாணவன் ஒருவன் பொறியியற் கணிப்பு முறையொன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொள்ளும் பொறியியற்பீட நண்பர் அபாகஸ் என்னும் மென்பொருளிற் பணிபுரிபவர். 'அநாதை வலை' எனத் தமிழில் தரத்தக்க தொடரொன்று அதில் வழங்குவதை அவர் வாயிலாக அறிந்த நாள்முதல், அதன் பொருள் என் சிந்தனையை விட்டு அகலவில்லை.

பாலமோ பற்சக்கரமோ, சிக்கலான உருவம் யாதாயினும், அதனைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகள் சந்திக்கும் கணுக்களிற் சமன்பாடுகளை அமைத்துத் தீர்ப்பதே முடிவுள்ள மூலக முறையாகும். இப்பெயரை 1960 இல் வழங்கியவர் றே கிளஃப். வழமையாக முதலில் பொருளின் கேத்திரகணித உருவம் வரையப்படும். வலை அதன்மேல் விரிக்கப்படும். உருவம் உள்ளவரை வலையைக் கலைத்து மீளவும் நெய்யலாம். ஆனால், கணுக்களின் ஆள்கூறுகளும் மூலகங்களின் இணைப்பு விவரமும் மாத்திரம் பிறிதோரிடத்திலிருந்து வந்துசேரும் வேளைகளும் உண்டு. தன்னைப் பிறப்பித்த உருவத்தை அறியாத அவ்வலையே அநாதை வலை. அதன்மேற் சுமையை ஏற்றலாம், தகைப்பைக் கணிக்கலாம். கணிப்பளவில் அதற்குக் குறையேதும் இல்லை.

குறை வெளிப்படுவது வலையை நுணுக்க முயலும்போதுதான். தகடொன்றில் 10 மில்லிமீற்றர் ஆரையுடைய வட்டத்துளை இருந்ததெனக் கொள்வோம். வலையில் அது 8 நேர்விளிம்புகளாக வந்திருக்கிறது. ஒவ்வொரு விளிம்பின் நடுப்புள்ளியும் மெய்யான வட்டத்திலிருந்து ஏறத்தாழ 0.76 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி நிற்கும். விளிம்புகளை 16 ஆக்கினும் 32 ஆக்கினும் புதிய கணுக்கள் பழைய நேர்கோட்டிலேயே அமரும். எண்கோணம் எண்கோணமாகவே இருக்கும். அகன்ற தகட்டை ஒரே திசைவழி இழுக்கையில் வட்டத்துளையின் விளிம்பிலே தகைப்பு மும்மடங்காகும் என்பது ஜேர்மானிய அறிஞர் கிர்ஷ் 1898 இல் நிறுவிய முடிபு. எண்கோணத்தின் மூலைகளிலோ, நுணுக்க நுணுக்கத் தகைப்பின் பெறுமானம் ஓரெல்லையில் நில்லாது ஏறிக்கொண்டே செல்லும். வலை நுண்மையுறும், விடையோ உண்மையினின்றும் விலகும்.

இதனைக் கேட்டபோது, மூத்த மாணவரிடமிருந்து இளையோர்க்குக் கைமாறி வரும் நம் விரிவுரைக் குறிப்புகளே என் நினைவில் எழுந்தன. ஆண்டுதோறும் அவற்றிற்குப் புதிய உபதலைப்புகள் சேர்கின்றன, வாக்கியங்கள் செப்பமுறுகின்றன. ஆயினும், முதலில் எழுதியவர் இரு செய்திகளுக்கிடையே நேர்கோடு இழுத்துவிட்ட இடத்தில், மூலநூலில் இருந்த வளைவை எந்தச் செப்பமும் மீட்டுத் தருவதில்லை. குறிப்பிலுள்ள ஆண்டும் பெயரும் பிழையற்றவையாகவே இருக்கலாம், அவை கணுக்கள். அவற்றை இணைக்கும் காரணகாரியத் தொடர்களே ஐயுறற்குரியவை. பரீட்சைக்கு அவை போதுமென்பது உண்மையே. ஒரு கருத்தின்மேல் மேலும் கட்டியெழுப்ப அவை போதா.

அநாதை வலையைத் திருத்த வழி இல்லாமலில்லை. எட்டுக் கணுக்களையும் தொட்டுச் செல்லும் வட்டமொன்றைக் கணித்து, புதிய கணுக்களை அதன்மீது நகர்த்திவிடலாம். ஆனால், அத்துளை வட்டமென்பதை வலை சொல்லாது; வரைபடத்தையோ தகட்டையோ கண்டவரே சொல்லவேண்டும். நூலகத்தின் மேன்மாடிக்கு ஏறி மூலநூலைத் தேடுவதன் பயனும் இதுவே என்பது என் துணிபு.