மோட்டார் போடும் முன்

கடலைக்குத் தண்ணி கட்டப் போனால் சின்ன மகனும் கூட வருவான். 7 வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. முன்னெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். ‘பயந்தாங்கொள்ளி’ என்று நானே அதட்டியிருக்கிறேன். நமக்கு அது வெறும் இரைச்சல், அவனுக்கு வலி. இது புரியவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

இப்போ ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னால மூணு விரலைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்குவேன். கடைசி விரல் மடங்குவதற்குள் அவனே காதைப் பொத்திக்கொள்வான். அலறல் இல்லை. தண்ணி வந்ததும் வாய்க்காலோடு ஓடுவான். எந்த மடை திறந்திருக்கு, எது அடைச்சிருக்குன்னு என்னைவிட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். பேச்சுதான் வரலை.

முதலில் போன பள்ளிக்கூடத்தில் ‘மத்த பிள்ளைங்க படிப்பு கெடும்’ என்று திருப்பி அனுப்பிட்டாங்க. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி அப்படி ஒதுக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போ படிக்கிற பள்ளி டீச்சரிடம் விரல் கதையைச் சொன்னேன். மணி அடிக்கும் முன் அவங்களும் மடக்கிக் காட்டுறாங்க. போன வாரம் பார்த்தால், பாதி வகுப்பு அவனோடு சேர்ந்து காதைப் பொத்திக்கொண்டு சிரிக்குது. அவன் சிரிக்கலை, அவங்களையே பார்த்துக்கிட்டிருந்தான்.

டீச்சர் லீவு போடுற அன்னிக்கு மட்டும் பழைய கதைதான்.