ஒரு நதியும் இரு வரிகளும்

அமெரிக்காவின் மேற்குக் கோடியிலே, பசிபிக் சமுத்திரத்தை நோக்கி ஓடுகின்றது கொலம்பியா நதி. அதன் தென்கரையில் ஒரேகன் மாநிலத்துப் போட்லண்ட் மாநகரம். வடகரையில் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர். கனடாவிலுள்ள வான்கூவர் வேறு. இது 1825ஆம் ஆண்டளவில் உரோமத்தோல் வணிகர் அமைத்த கோட்டையை அடுத்து வளர்ந்த நகரம். 1917இலும் 1958இலும் கட்டப்பட்ட இரும்புப் பாலங்கள் இரண்டு அருகருகே நின்று இவ்விரு நகரங்களையும் இணைக்கின்றன.

நமது நாட்டில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பிலே குடியேறுபவருக்கு வருமான வரிச் சட்டம் மாறுவதில்லை. இங்கோ பாலத்தைக் கடந்தாற் போதும், வரிச் சட்டமே மாறிவிடுகின்றது!

ஒரேகனில் விற்பனை வரி கிடையாது. ஆயின், நடுத்தரக் குடும்பத்தின் வருமானத்திற் பெரும் பகுதிக்கு நூற்றுக்கு 8.75 வீதம் மாநில வருமான வரி உண்டு. உச்ச வீதம் 9.9. வாஷிங்டனிலோ சாதாரணச் சம்பளகாரர் மாநிலத்துக்கு வருமான வரி செலுத்துவதில்லை. கடையிலேதான் அறவிடுகின்றார்கள்: வான்கூவரில் ஏறத்தாழ 9 வீதம். சமையலுக்கு வாங்கும் அரிசி, மா, காய்கறிகளுக்கு விலக்கு உண்டு. 1,000 டொலர் விலையுள்ள குளிர்சாதனப் பெட்டிக்கு 90 டொலர் மேலதிகம் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்?

ஆகவே, வடக்கே வசித்துத் தெற்கே பொருள் வாங்குவதே புத்தி என்று பலர் கூறுவர். பாலத்தின் தென்புறத்து ஹேடன் தீவுக் கடைகளில் வாஷிங்டன் இலக்கத் தகடு பூண்ட கார்கள் நிறைந்திருக்கக் கண்டோம். அவ்வாறு வாங்கிச் சென்ற பொருளுக்கும் வாஷிங்டனுக்குப் பயன்பாட்டு வரி செலுத்த வேண்டும் என்பது சட்டம். மேசை நாற்காலி வாங்கியோர் இதனை மறந்துவிடுதல் கூடும். காரை மாநிலத்திற் பதியும்போது மறக்க விடமாட்டார்கள்.

உண்மையான சிக்கல் உத்தியோகத்திலேதான் இருக்கின்றது. வடகரையில் வசிப்பவராயினும், போட்லண்டுக்கு வந்து உழைக்கும் நாள்களின் சம்பளத்துக்கு ஒரேகன் வரி உண்டு. ஒரேகன்வாசியோ எங்கு உழைத்தாலும் தப்ப முடியாது. வடக்கே வசித்து, வடக்கேயே உழைப்பவருக்குத்தான் முழு ஆதாயம்.

நாம் சந்தித்த இளந் தம்பதியர் போட்லண்டில் வாடகைக்கு இருந்தனர். கணவருக்கு அந்நகரிலேயே வேலை. மனைவிக்கு வான்கூவர்ப் பாடசாலையொன்றில் ஆசிரியப் பதவி, ஆண்டுக்கு 60,000 டொலர் சம்பளம். வடக்கே குடிபெயர்ந்தால் மனைவியின் சம்பளத்தில் ஏறத்தாழ 5,000 டொலர் மிஞ்சும். கணவரின் வரியில் ஒரு சதமும் குறையாது. ஆண்டுக்கு 20,000 டொலருக்கு வரிக்குரிய பொருள்களை வாங்கினால் விற்பனை வரியே 1,800 டொலர் ஆகிவிடும். எஞ்சுவது 3,200. மாத வாடகை 270 டொலர் கூடினால் அதுவும் போயிற்று. பெற்றோற் செலவு வேறு.

காலையும் மாலையும் அப்பாலத்திலே வாகனங்கள் எறும்பு வரிசையாய் ஊர்கின்றன. பெரிய மரக்கலம் வந்தால் நடுப்பகுதியை மேலே உயர்த்துவார்கள். அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். கைக்குழந்தையுள்ள வீட்டில் தந்தை மாலையில் ஒரு மணி நேரம் பிந்தி வருவதற்கு எத்தனை டொலர் என்று எந்த வரிப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. வீடு பார்க்குமுன் ஒரு வாரம், வேலை நேரத்திலே, அப்பாலத்தைக் கடந்து பார்க்கப் போவதாகக் கணவர் கூறினார்.