துயரின் வீட்டுமொழி

மனிதநேய உளவியலை வளர்த்தோருள் ஒருவரான கார்ல் ரோஜர்ஸ், உளச்சிகிச்சைக்கு இன்றியமையாத நிபந்தனைகளை 1957இல் வகுத்தார். அவற்றுள் ஒன்று ஒத்துணர்வு: எதிரிலிருப்பவரின் உலகை அவர் நிலையில் நின்று உணர்ந்து, அவ்வுணர்வை அவருக்கும் புலப்படுத்துதல்.

அந்தமானில் இது மொழிச் சிக்கலும் ஆகிறது. வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி எனப் பல வீட்டுமொழிகள், பொதுமொழியோ இந்தி. போர்ட் பிளேரை அடுத்த பத்துபஸ்தியும் இதற்கு விலக்கன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவினர் இத்தீவுகளின் நிவாரண முகாம்களில் உளநலப் பணியாற்றினர். அத்தகைய முகாமில், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயொருத்தி ‘நெஞ்சு அடைக்குது’ என்பதை மொழிபெயர்ப்பவர் மார்புவலி என்று மாற்றினால், அவளுக்கு மாத்திரை கிடைக்கும். கேட்கும் செவி கிடைக்காது. துயருற்றோரின் வீட்டுமொழியை அறிந்திருப்பதே இங்கு ஆற்றுப்படுத்துநரின் முதல் தகுதி.